டாலர் வாங்கும்போதும் விலை பேசுங்கள்

வணக்கமுங்க. சிங்கப்பூர் போகிறோம், வியட்நாம் போகிறோம், கையில் எவ்வளவு காசு எடுத்துப் போகலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அந்தக் காசை என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதைப் பேசியாக வேண்டும். பணம் அதிகம் போவது அங்கேதான்.

நம்ம ஈரோட்டில் மஞ்சளை விற்பதற்கு முன்னால் நாலு இடத்து ஏல விலையை விசாரிக்காத ஆள் உண்டா? அதே ஆள் மணி சேஞ்சர் கவுன்ட்டரில் நின்றால், சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். டாலரும் ஒரு சரக்குதாங்க. கடைக்காரர் நம்மிடம் வாங்க ஒரு விலை, நமக்கு விற்க ஒரு விலை வைத்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவருடைய லாபம். அதனால் 'கமிஷன் கிடையாது' என்ற போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கமிஷன் ரேட்டுக்குள்ளேயே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கூகுளில் ஒரு டாலர் 90 ரூபாய் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒரு கடையில் 91.50 சொல்கிறார்கள், இன்னொரு கடையில் 93. நீங்கள் வாங்குவது ஆயிரம் டாலர் என்றால் வித்தியாசம் 1,500 ரூபாய். ஜிஎஸ்டி எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் வரைக்கும் மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து, அதன் மேல் 18 சதவீதம். இந்தக் கணக்கில் 170 ரூபாய்க்குள் அடங்கிவிடும். வரியைப் பற்றிப் புலம்பிவிட்டு ரேட்டைக் கேட்காமல் வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை. விமான நிலைய கவுன்ட்டரில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும். கடைசி நேரத்தில் நிற்பவருக்கு வேறு வழி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், காலையில் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போடுங்கள். கோயமுத்தூரில் ஆர்.எஸ்.புரம், காந்திபுரம், அவிநாசி ரோடு என்று கடைகள் இருக்கின்றன. திருப்பூரிலும் உண்டு. "இன்றைக்கு ரேட் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆயிரம் டாலர் வேண்டும், எல்லாம் சேர்த்து நான் கட்ட வேண்டியது எவ்வளவு?" என்று கேளுங்கள். வரும் தொகையைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கடையில் சொல்லுங்கள். பல நேரம் குறைப்பார்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

கடைக்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள். 50,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகக் கட்டலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். "தெரிந்தவர் ஒருவர் பில் இல்லாமல் நல்ல ரேட்டுக்குத் தருகிறார்" என்று யாராவது சொன்னால், தயவு செய்து வேண்டாம். அது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தப்பு. அதில் கள்ளத்தாள் கலந்திருந்தால் போய்க் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நம்ம பக்கம் இந்தப் பழக்கம் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எந்தப் பணமாக வாங்குவது? சிங்கப்பூர் டாலர், திர்ஹாம், யூரோ எல்லாம் இங்கேயே நல்ல புழக்கத்தில் இருக்கின்றன. நேராக அதையே வாங்குங்கள். வியட்நாம் டாங், இந்தோனேசிய ரூபியா போன்றவற்றுக்கு இங்கே நல்ல விலை கிடைப்பது கடினம். அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது நல்லது. அப்படி வாங்கும்போது 100 டாலர் தாளாக, புதுத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். மடிப்பு, பேனாக் கிறுக்கல், சின்னக் கிழிசல் இருந்தாலும் தென்கிழக்கு ஆசியாவில் பல இடங்களில் வாங்க மறுப்பார்கள். பாங்காக்கில் 100 டாலர் தாளுக்கு ஒரு ரேட், சின்னத் தாளுக்கு அதைவிடக் குறைவான ரேட் என்று போர்டிலேயே போட்டிருப்பார்கள். 2013இல் வந்த, நீலப் பட்டை ஓடும் தாள் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கவரில் வைத்து, மடிக்காமல் கொண்டுபோங்கள்.

வியட்நாம் போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 20,000 டாங் தாளும் நீலம், 5,00,000 டாங் தாளும் நீலம். ராத்திரி வெளிச்சத்தில், டாக்சியில் இறங்கும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பொள்ளாச்சியில் என் பெரியப்பா வீட்டார் வியட்நாம் கிளம்பியபோது நான் சொன்னது ஒன்றுதான்: ஐந்து லட்சம் தாளைத் தனிக் கவரில் வையுங்கள், மற்றதை பர்ஸில் வையுங்கள். பாலி போகிறவர்கள், சந்துக்கடையில் ஊரில் இல்லாத ரேட் எழுதியிருந்தால் ஒதுங்கிப் போங்கள். எண்ணிக் கொடுக்கும்போதே தாளை உருவும் கைவித்தைக்கு, பாலியின் கூட்டா பகுதியில் பெயர் போன கடைகள் உண்டு. கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும். எண்ணிய பிறகு அவர் கைக்கு அந்தக் கட்டு திரும்பப் போகக் கூடாது.

இப்போது அளவு. ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டாக வாங்க முடியும், சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டில், ஏற்றிக்கொள்ளலாம். அவ்வளவு ரொக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஊரைப் பொறுத்து மாறும். கரூரிலிருந்து ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், ஐரோப்பாதானே, கார்டு போதும் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியில் சின்னக் கடைகள் பல நம்ம கார்டை வாங்காது, அங்கே ரொக்கத்துக்கு இன்னும் மரியாதை உண்டு. சிங்கப்பூரில் பஸ், ரயிலுக்குக் கார்டைத் தட்டினால் போதும். ஹாக்கர் சென்டரில், அதாவது சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், சாப்பிட மட்டும் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கடையிலோ ஏடிஎம்மிலோ மெஷின் கேட்கும்: ரூபாயில் எடுக்கட்டுமா, இந்த ஊர்ப் பணத்தில் எடுக்கட்டுமா என்று. ரூபாய் என்று பார்த்தவுடன் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அங்கே ரேட்டைப் போடுவது அந்த மெஷின்காரர், அதில் அவருடைய லாபமும் சேர்ந்திருக்கும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். நம்ம கிரெடிட் கார்டில் பலவற்றுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் (ரேட்டுக்கு மேல் வங்கி எடுக்கும் கட்டணம்), அதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. மார்க்கப் இல்லாத கார்டும் கிடைக்கிறது, உங்கள் வங்கியில் கேளுங்கள். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்காதீர்கள், அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். தாய்லாந்து ஏடிஎம்மில் எந்த வெளிநாட்டுக் கார்டுக்கும் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் பிடிப்பார்கள், அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டாம். அப்புறம், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்தபின் மிச்சம் 2,000 டாலர் வரை நோட்டாகக் கையில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசை இங்கே எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள், விமான நிலையத்திலேயே தண்ணீர் பாட்டிலோ மிட்டாயோ வாங்கித் தீர்த்துவிடுங்கள். வாங்கிய பில்லை மட்டும் எறிய வேண்டாம். அதில் இருக்கும் தேதி, ஊர், ரேட் மூன்றையும் கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்புகிற ஒரு குடும்பம் அதைக் காட்டி விலை பேசும்.