சிரிப்பு ஹீரோவுக்குச் சிரிப்பு வரக் கூடாது: சந்தேகங்களுக்கு விளக்கம்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணே, பழைய காமெடி சூப்பர் ஹீரோ தொடர்களை இப்போது திரும்ப எடுக்கிறார்கள். ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் சப்பென்று போகிறது. நீங்கள் எப்போதும் சொல்லும் 'தி கிரேட்டஸ்ட் அமெரிக்கன் ஹீரோ'வை உங்கள் கையில் கொடுத்தால் இன்றைய டிவிக்கு எதையெல்லாம் மாற்றுவீர்கள்?" இதுதான் கேள்வி.

இதை வாசித்ததும் இந்த வாரம் வந்த மற்றக் கேள்விகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டேன். கோபிக்க வேண்டாம், அடுத்த முறை அவற்றுக்கு வருகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1981 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி 1983 வரை மூன்று சீசன் ஓடிய தொடர் இது. உருவாக்கியவர் ஸ்டீவன் ஜே. கேனல். ரால்ஃப் ஹிங்க்லி என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். படிப்பு ஏறாத, சொல் கேட்காத பிள்ளைகளின் வகுப்பு அவர் தலையில். வேற்றுக்கிரகத்தார் வந்து ஒரு சிவப்பு உடையைக் கொடுக்கிறார்கள். மாட்டினால் பறக்கலாம், சுவரை உடைக்கலாம். எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கப் புத்தகமும் தருகிறார்கள். வாத்தியார் அந்தப் புத்தகத்தைப் பாலைவனத்தில் தொலைத்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு மூன்று சீசனும் அந்த மனுஷன் பறக்கத் தெரிந்து இறங்கத் தெரியாமல் சுவரிலும் குப்பைத்தொட்டியிலும் போய் விழுவதுதான்.

நடுவில் இன்னொரு புத்தகம் கிடைக்கிறது. அன்றைக்குப் பார்த்து, உடை போட்டால் உருவம் சிறுக்கவும் முடியும் என்று கண்டுபிடிக்கிறார். குட்டியாகி, கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைக்கிறார், பழைய உருவத்துக்குத் திரும்புகிறார். புத்தகம் குட்டியாகவே நின்றுவிட்டது. இனி எங்கே தேட? இதை எழுதியவருக்கு நான் ஒரு பிளேன்டீயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். பேட்மேன் பற்றிப் பேசிய அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன். சிரிப்பு ஹீரோவுக்குத் தான் ஒரு சிரிப்பு என்று தெரியக் கூடாது. ஊருக்கே தெரியலாம், அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

1966 பேட்மேன் தொடரில் பேட்மேனும் ராபினும் கயிறு பிடித்துக் கட்டடத்தில் ஏறும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் யாரும் ஏறவில்லை. தரையில்தான் நடக்கிறார்கள். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். முதுகுத் துணியை மெல்லிய கம்பியால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், கீழ்ப்பக்கம் தொங்குவதுபோலத் தெரிய. இடையில் ஜன்னலைத் திறந்து பிரபலம் யாராவது தலை நீட்டிக் குசலம் விசாரிப்பார். ஜெரி லூயிஸ்கூட ஒரு தடவை வந்தார். இத்தனை கூத்துக்கும் நடுவில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் முகத்தைப் பாருங்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்போல அவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு மேலே ஏறுவார். அவர் உதட்டோரம் லேசாகச் சிரித்திருந்தால்கூட அந்தத் தொடர் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதை நமக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதம் காமன் கூத்து பார்த்தவர்கள்தானே நாமெல்லாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர், கம்பம் ஊன்றாத நாட்களில் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்கிறவர். கை இரண்டும் விறகுக்கட்டை மாதிரி இருக்கும். மீசையை மழித்து, அரிதாரம் பூசி, தங்கச்சியின் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பு மேளத்துக்கு ஆடி வருவார். முதல் நிமிஷம் பொடியன்கள் சிரிப்பார்கள், விசில் அடிப்பார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கூத்தில் கணவன் மதன் எரிந்து போன பிறகு அவர் அழுகிற அழுகையில், விசில் அடித்த அதே பொடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அவர் மட்டும் அந்த முதல் விசிலுக்குச் சிரித்திருந்தால்? இப்போது திரும்ப எடுக்கிறவர்கள் செய்கிற தப்பு அதுதான். ஹீரோ நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். "நான் போட்டிருப்பது எவ்வளவு கோமாளித்தனமான உடை பார்த்தீர்களா" என்று அவரே சொல்லிவிடுகிறார். அவரே சொன்ன பிறகு நமக்கு என்ன மிச்சம்?

இன்னொரு சாட்சி வைத்திருக்கிறேன், நீங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. நீதிமன்றம்! இந்தத் தொடர் வந்த நேரத்தில், இது சூப்பர்மேனைப் பார்த்து அடித்த காப்பி என்று வார்னர் பிரதர்ஸ் ஏபிசி மீது வழக்குப் போட்டது. சிவப்பு உடை, பறப்பது, தோளில் துணி எல்லாம் ஒத்துப்போகிறதே. வழக்கு மேல்முறையீடு வரைக்கும் போய், 1983இல் ஏபிசி பக்கம் தீர்ப்பானது. நீதிபதிகள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். சூப்பர்மேன் தைரியசாலி, தீமையை ஒழிப்பதையே வாழ்க்கையாக வைத்திருப்பவன். இந்த வாத்தியாரோ பயந்த சுபாவம், வேண்டா வெறுப்பாக வேலைக்குப் போகிறவர், தன்பாட்டில் இருக்க விட்டால் போதும் என்கிறவர். சூப்பர்மேன் அழகாகப் பறக்கிறான், இவர் கையையும் காலையும் உதறிக்கொண்டு போய் விழுகிறார். இதை நான் சொல்லவில்லை, தீர்ப்பு சொல்கிறது. சினிமா விமர்சகர்கள் எத்தனையோ பேர் எழுதினார்கள், இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை. திரும்ப எடுப்பவர்கள் அந்தத் தீர்ப்பை மேசையில் வைத்துக்கொண்டு கதை எழுதினால் போதும்.

அந்தத் தொடருக்கு வந்த சோதனை அது ஒன்று மட்டுமல்ல. முதல் பகுதி ஒளிபரப்பாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அமெரிக்க ஜனாதிபதி ரீகனை ஒருவன் சுட்டுவிட்டான். அவன் பெயர் ஜான் ஹிங்க்லி. வாத்தியார் பெயரும் ஹிங்க்லி! அவசர அவசரமாக ஹான்லி என்று மாற்றினார்கள், சில இடங்களில் வெறுமனே "மிஸ்டர் எச்" என்றார்கள். கொஞ்ச காலம் கழித்து ஹிங்க்லி திரும்பி வந்தார். கதையில் விளக்கம் எதுவும் கிடையாது.

திரும்ப எடுக்க முயற்சியே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். 1986இலேயே ஒரு பெண்ணுக்கு அந்த உடையைக் கொடுத்து ஒரு பகுதி எடுத்துப் பார்த்தார்கள், தொடராகவில்லை. பிறகு 2018இல் ஏபிசியே ஒரு முன்னோட்டப் பகுதி எடுத்தது. அதில் உடை மீரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணுக்குக் கிடைக்கிறது, நடித்தவர் ஹன்னா சிமோன். இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலம் "இந்தியத் தமிழர்" என்ற கட்டத்துக்குள் இருந்த நமக்கு மீரா ஒருவகையில் சொந்தக்காரிதான். சேனல் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம். ஆளை மாற்றுவது தப்பே இல்லை. ஆண் பெண்ணாகலாம், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளீவ்லாந்து ஆகலாம், நம் கொட்டகலை ஆகலாம். புத்தகம் தொலைய வேண்டும், அவ்வளவுதான்.

சரியாகத் திரும்ப எடுத்ததற்கு ஒரு உதாரணம் சொல்லச் சொன்னால் 'தி டிக்' சொல்வேன். நீல நிறத்தில் பெரிய உருவம், உண்ணிப்பூச்சி ஹீரோ. பென் எட்லண்ட் பையனாக இருந்தபோது, 1986இல், ஒரு காமிக்ஸ் கடையின் செய்திமடலுக்கு வரைந்து கொடுத்த சின்னம் அது. 1994இல் கார்ட்டூனாக வந்தது. 2001இல் ஆட்களை வைத்து எடுத்து, சில வாரங்களிலேயே கடையை மூடினார்கள். மூன்றாவது தடவை அமேசானில் வந்தது, 2019இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த மூன்றாவது தடவையில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டிக்கின் கூட்டாளி ஆர்தர், கணக்கு எழுதுகிற பயந்தாங்கொள்ளி. பழைய கதையில் அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. புதியதில் ஏன் அந்தப் பயம் என்று வைத்தார்கள். சின்ன வயதில் ஒரு சூப்பர் ஹீரோக் கூட்டத்தின் விமானம் அவருடைய அப்பா மேல் விழுகிறது. பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதைக் கேட்டால் காமெடியா இது என்று தோன்றும். ஆனால் ஆர்தரின் துக்கம் நிஜமாக இருப்பதால், பக்கத்தில் நின்று அர்த்தமில்லாமல் முழங்குகிற டிக் இன்னும் பெரிய சிரிப்பாகிறார். டிக்குக்கு எதுவும் தெரியாது. தான் யார், எங்கிருந்து வந்தோம் என்பதே தெரியாது. பாருங்கள், மறுபடியும் நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டது.

எனக்குப் பிடிக்காதது, ஒரு சீசன் முழுக்க ஒரே கதையை இழுத்தது. இன்றைய டிவிக்கு இது ஒரு நோய். காமெடிக்கு வாரம் ஒரு தொல்லை வேண்டும். திங்கட்கிழமை விழ வேண்டும், செவ்வாய்க்கிழமை எழும்ப வேண்டும், அடுத்த வாரம் வேறு இடத்தில் விழ வேண்டும். பத்துப் பகுதிக்கு ஒரே வில்லன் என்றால் ஹீரோ விழுவதற்கே நேரம் இருக்காது.

போன்கள் வந்துவிட்டனவே, ரகசியத்தை எப்படிக் காப்பது என்று சிலர் கேட்பார்கள். காக்கவே வேண்டாம். அந்த வாத்தியாருக்கு மிகப் பெரிய பயம், அந்த உடையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுதான். இன்றைக்கு நாடே பார்க்கும். வகுப்பில் பின்வரிசைப் பையன் ஸ்லோ மோஷனில் போட்டுப் பாட்டு சேர்த்து விடுவான். காமெடி கூடத்தான் செய்யும்.

தம்பி, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இதை நம் மலையில் எடுத்தால் உடை யாருக்குப் போகும்? எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சைக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட பிள்ளைகளின் மாலை வகுப்பு அவருக்கு. சிங்கமலை ரயில் சுரங்கத்துப் பக்கம் ஒரு ராத்திரி வெளிச்சம் வருகிறது, உடை வருகிறது, புத்தகம் வருகிறது. அடை மழை. புத்தகத்தைக் கொழுந்து லொறியின் பின்பக்கம் வைத்துவிட்டுக் குடையை விரிக்கிறார். லொறி போய்விடுகிறது. எந்தத் தோட்டத்து லொறி என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் தன் அம்மாவுக்கு உதவி செய்யப் போகிறார். அம்மா கொழுந்து எடுப்பவர். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். மகன் உடையைப் போட்டு, விடியுமுன் மலை முழுக்கப் பறந்து எடுத்துக் கொட்டுகிறார், கூடை கூடையாக. கணக்கப்பிள்ளை நிறுக்கிறார். பார்த்தால் முற்றின இலை, காம்பு, களை எல்லாம் கலந்து கிடக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்கு எந்த வேற்றுக்கிரகத்தார் சக்தியும் உதவாது, அதற்கு அம்மாவின் விரல் வேண்டும். கடைசியில் அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேரும் இல்லை. எனக்கு இந்தக் காட்சியில்தான் தொடரே இருக்கிறது. இதில் யாரும் ஜோக் சொல்லவில்லை. அம்மாவின் கோபம் நிஜம், கணக்கப்பிள்ளையின் தராசு நிஜம், சிவப்பு உடையில் நனைந்து நிற்கிற மகன் மட்டும் ஒட்டாமல் நிற்கிறான்.

ஒரிஜினலில் கூடவே பில் மேக்ஸ்வெல் என்று ஒரு எஃப்பிஐ ஆள் வருவார், ராபர்ட் கல்ப் நடித்தது. எதைப் பார்த்தாலும் சதி என்பார், நாய் பிஸ்கட் சாப்பிடுவார். அதற்கு நம்மிடம் ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் போதும். எதற்கெடுத்தாலும் "அந்தக் காலத்துத் துரை இருந்தால்" என்று ஆரம்பிப்பார். நாய் பிஸ்கட்டுக்குப் பதில் வெற்றிலை.

கையில் பணம் இருக்கிற யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கதை இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் 2021இல் 'மின்னல் முரளி' ஒரு கிராமத்துத் தையல்காரனை வைத்து எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதில் வில்லனாக வந்த குரு சோமசுந்தரம் நம் தமிழ் ஆள்தான், ஒரு இடத்திலாவது அவர் நம்மைப் பார்த்துக் கண்ணடித்தாரா? பிறகு நமக்கு என்ன தடை?

தம்பி கேட்டதற்கு நேரான பதில் இன்னும் பாக்கி. எதை மாற்றுவேன்? வில்லன்களை மாற்றுவேன், அந்தக் காலத்து ரஷ்ய உளவாளிகள் இன்றைக்கு எடுபடமாட்டார்கள். உடையை மாற்றமாட்டேன், அது அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும். முகப்புப் பாட்டையும் தொடவிடமாட்டேன். 1981இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் இரண்டாவது இடம் வரைக்கும் ஏறிய பாட்டு அது. வேண்டுமென்றால் பின்னால் தப்பு மேளம் சேர்த்துக்கொள்ளலாம், மெட்டில் கை வைக்கக் கூடாது.

அடுத்த முறை மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா. கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்.