வளைகாப்பு அன்றே பேசிவிடுங்கள்

[திரையில்: தாம்பாளம் நிறைய கண்ணாடி வளையல்]

வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் ஆகட்டும், தட்டோன், மோல்மேன் பக்கம் ஆகட்டும், நம்ம வீடுகளில் வளைகாப்பு என்றால் யார் புளிசாதம் கிளறுவது, யார் பூ வாங்குவது, எல்லாம் ஒரு வாரம் முன்பே பேசி முடித்திருப்பார்கள். வலி கண்டால் எந்த ஆஸ்பத்திரி, யாருடைய வண்டி? அதை மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பேசினால் அபசகுனமாம்.

[திரையில்: 282]

2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 282 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க 2023இல் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பேர், பெரும்பாலும் ஏழை நாடுகளில். இதில் முதல் எமன் ரத்தப்போக்கு. பிள்ளை பிறந்ததும் கட்டுக்கடங்காமல் ரத்தம் போக ஆரம்பித்தால் உயிர் போகச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான். ஆற்றங்கரைக் கிராமத்தில், ராத்திரியில், இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்விட முடியும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

மூன்று இடத்தில் நேரம் போகிறது: வீட்டில் முடிவெடுக்க, வழியில், அப்புறம் ஆஸ்பத்திரிக்குள். கடைசியது நம் கையில் இல்லை. முதலாவது முழுக்க நம் கையில்தான். புருஷன் மலேசியாவில் வேலையில் இருப்பான், போன் எடுக்க மாட்டான். மாமியார் "லெத்தே (ஊர் மருத்துவச்சி) வரட்டும், பார்க்கலாம்" என்பார். நகையை அடகு வைக்கலாமா என்று இன்னொருவர். இதற்குள்ளேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். லெத்தேயைக் குறை சொல்லவில்லை, நம்மில் பாதிப் பேரை அந்தக் கைகள்தான் வாங்கின. ஆனால் ரத்தம் ஏற்ற அவரால் முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் அது, வளையல் அடுக்கி முடித்த கையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். புருஷன் இல்லாவிட்டால் யார் சொல்வது முடிவு? ஒரே ஒரு பெயர், அதை அவனே போனில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லட்டும். வண்டிக்காரர் நம்பர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். 2021க்குப் பிறகு பல ஊர்களில் ராத்திரி ஊரடங்கு போட்டார்கள்; உங்கள் ஊரில் இருந்தால் வார்டு தலைவர் காதிலும் இப்போதே போட்டு வையுங்கள். பணம் தனி டப்பாவில். ரத்தம் கொடுக்க, அவளுடைய குரூப் உள்ள இரண்டு பேர். கோவிலில் காவடி எடுக்கிற பையன்களைக் கேட்டால் மாட்டேன் என்பார்களா என்ன?

[திரையில்: தலையைப் பிடித்தபடி ஒரு பெண்]

இன்னொன்று. தலை வெடிக்கிற மாதிரி வலி, கண் மங்கல், முகம் வீக்கம். தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், பிள்ளை பிறந்த பிறகும் வரலாம். உடனே கிளம்புங்கள்.

வீட்டில்தான் பிரசவம் என்றால் சயாமாவிடம், அதாவது பயிற்சி பெற்ற மருத்துவச்சியிடம், முன்கூட்டியே ஒரு கேள்வி கேளுங்கள். ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், நம்ம ஊர் கரண்ட் லட்சணம் தெரிந்ததுதானே. குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்திருக்கிறாரா? இருந்தாலும் அதை அவர்தான் கொடுக்க வேண்டும், பிள்ளை வெளியே வந்த பிறகு, உள்ளே இரண்டாவது பிள்ளை இல்லை என்று பார்த்துவிட்டு.