வௌவால் துப்பிய விதை

நண்பர்களே, வௌவால் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் தயவுசெய்து இன்னும் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். நான் சொல்வது பழந்தின்னி வௌவாலைப் பற்றி. பெரிய வகைகளின் முகம் அசப்பில் ஒரு குட்டி நரி மாதிரியே இருக்கும். பெரும்பாலானவை எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை, கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி.

அது அத்திப்பழம் தின்பதைப் பாருங்கள். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, மற்றக் காலால் பழத்தைப் பிடித்து, மென்று, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிடும். விழுங்கிய பொடி விதைகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எச்சத்தோடு வெளியே வந்துவிடும், பல நேரம் பறக்கும்போதே. இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழம் தின்னும் காட்டுப் பறவைகள் பலவும் வெட்டவெளிக்கு வரத் தயங்கும். வௌவாலோ ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து, மரம் வெட்டிய மொட்டை நிலத்தின் மேலும் விதையைப் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மகரந்தம். தென்கிழக்கு ஆசியாவின் முள் பழமான டுரியன் காய்க்க வௌவால் வேண்டும், ஆப்பிரிக்காவின் பாவோபாப் மரத்துக்கும் வேண்டும்.

சரி, வௌவால் பழத்தைத் தின்றுவிடுவதால் தோட்டக்காரர்களுக்கு வரும் நஷ்டம் பொய்யா? இல்லை. ஆனால் கொல்வது தீர்வே அல்ல. பெரிய வகைகள் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். மொரீஷியஸில் 2015-லிருந்து பல்லாயிரக்கணக்கில் கொன்றார்கள், 2018-இல் அந்த வௌவால் அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. பழமரத்தின் மேல் வலை போடுங்கள், ஆனால் விரல் நுழையாத வலையாகப் போடுங்கள். கண்ணி பெரிதானால் இறக்கை சிக்கி, விடியவிடியத் துடித்துச் சாகும்.

வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் மேல் உள்ள பயம் நியாயமானதுதான். கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள். அதற்காக மரத்தை வெட்டித் துரத்தாதீர்கள்; காட்டை இழந்து பசியில் இருக்கும் வௌவால்கள் வைரஸை அதிகம் வெளியேற்றுகின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வெயில். 42 டிகிரியைத் தாண்டினால் இறக்கையால் விசிறியும், எச்சிலை உடம்பில் பூசியும் பார்க்கும், முடியாமல் கொத்தாக விழும். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் பக்கம் இரண்டே நாளில் மூக்குக்கண்ணாடி வௌவால் என்ற பழந்தின்னி வகையில் 23,000-க்கும் மேற்பட்டவை செத்தன, அந்நாட்டில் இருந்த அந்த இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வனவிலங்கு மீட்பவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும்வரை நாயை அண்டவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.