வரிசையில் நிற்பதற்கும் கட்டணமா? கிளப் உறுப்பினர் திட்டங்களின் கணக்கு

[திரையில்: நிரம்பி வழியும் கால்பந்து மைதானம். ஆரவாரம் மெல்லக் குறைகிறது.]

வணக்கம். ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்பும் கால்பந்து ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. கிளப்பின் உறுப்பினர் அட்டைக்குப் பணம் கட்டுவதா, வேண்டாமா? "என் கிளப்புக்குத்தானே கொடுக்கிறேன், இதில் என்ன கணக்குப் பார்ப்பது?" என்பது ஒரு தரப்பு. "டிக்கெட் வாங்குவதற்கே ஒரு டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள்" என்று கொதிப்பது மறு தரப்பு. இரு தரப்பும் சண்டை போடுவது தொகையைப் பற்றித்தான். எனக்குத் தொகை இரண்டாம்பட்சம். அந்தத் தொகைக்கு எதை விற்கிறார்கள், அதை எத்தனை பேருக்கு விற்கிறார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் உள்ள பெரிய கிளப்புகளிலிருந்து தொடங்கலாம். ஆண்டுச் சந்தா கட்டினால் பெயர் பொறித்த அட்டை வரும். கிளப் கடையில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். சில கிளப்புகள் பரிசுப் பெட்டி ஒன்றும் அனுப்பும். அந்தப் பெட்டிக்காக யாரும் சேர்வதில்லை. பொது விற்பனை தொடங்கும் முன்பே டிக்கெட் வாங்கலாம், அல்லது டிக்கெட் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் சேர்கிறார்கள். பெரிய கிளப்புகளில் முக்கியமான ஆட்டம் எதுவும் பொது விற்பனை வரை வந்து சேர்வதே அபூர்வம். ஆக, சந்தா கட்டியவருக்குக் கையில் கிடைப்பது வரிசையில் ஓர் இடம். இருக்கை அல்ல.

[திரையில்: 60,000 என்ற எண். ஒவ்வொரு கழித்தலுக்கும் எண் சுருங்குகிறது.]

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எந்தக் கிளப்பின் உண்மைக் கணக்கும் அல்ல, புரிந்துகொள்வதற்காக மட்டும். மைதானத்தில் 60,000 இருக்கைகள். அவற்றில் 40,000 சீசன் டிக்கெட்காரர்களுக்கு, அதாவது சீசன் முழுவதற்கும் ஓர் இருக்கையை முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு. எதிரணி ரசிகர்களுக்கு 3,000. விளம்பரதாரர்கள், விருந்தோடு ஆட்டம் பார்க்கும் பணக்கார வாடிக்கையாளர்கள் ஆகியோருக்கு 5,000. மிச்சம் 12,000. பிரீமியர் லீக்கில் ஓர் அணி சொந்த மைதானத்தில் ஆடுவது 19 லீக் ஆட்டங்கள். ஆக, சீசன் முழுவதற்கும் 2,28,000 டிக்கெட்டுகள். உறுப்பினர்கள் இரண்டு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஓர் ஆட்டம்தான் தேறும். ஒருவர் எட்டு ஆட்டம் பார்த்தால், ஏழு பேர் பணம் கட்டிவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பலர் கவனிக்காத இடம் இதுதான். சீசன் டிக்கெட்டுக்கு மைதானமே ஒரு வரம்பு. இருக்கை தீர்ந்தால் விற்பனை நின்றுவிடும். உறுப்பினர் அட்டைக்கு அப்படி எந்தச் சுவரும் கிடையாது, எத்தனை லட்சம் வேண்டுமானாலும் விற்கலாம். உறுப்பினர்கள் பெருகப் பெருக டிக்கெட் இன்னும் அரிதாகும். டிக்கெட் அரிதாக ஆக, "அட்டை இல்லாமல் வாய்ப்பே இல்லை" என்ற பயத்தில் இன்னும் பலர் சேர்வார்கள். பற்றாக்குறையே விற்பனையாளராக வேலை செய்யும் திட்டம் இது. கிளப்புக்கு இதில் நட்டமே வராது.

"பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே, யார் கழுத்தைப் பிடித்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரரிடம் பேரம் படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். லிவர்பூல் ரசிகர், அங்கே விலை அதிகம் என்று அதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்டனுக்கு மாற மாட்டார். அவர் மாற மாட்டார் என்பது கிளப் நிர்வாகத்துக்கும் தெரியும். அதனால்தான் இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை.

கிளப் தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. உறுப்பினர் பதிவு இருந்தால் டிக்கெட் ஒரு பெயரோடு கட்டப்படுகிறது, கள்ளச்சந்தைக்காரர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது குறைகிறது என்கிறார்கள். பாதி உண்மை. யார் எத்தனை ஆட்டத்துக்கு வாங்கினார், அதை யாருக்கு மாற்றிக் கொடுத்தார் என்று பின்தொடர முடிகிறது. ஆனால் காசு வைத்திருக்கும் தரகர் பல பெயர்களில் பல உறுப்பினர் கணக்குகளைத் திறந்துவிட்டால்? சந்தாத் தொகை அவருக்கு முதலீடு, ஒரே பெரிய ஆட்டத்தில் திரும்பி வந்துவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கோ அது நான்கு மடங்கு சுமை. தரகரைத் தடுப்பது அடையாளச் சரிபார்ப்புதானே தவிர, கட்டணம் அல்ல. சரிபார்ப்பை இலவசப் பதிவிலும் செய்யலாம்.

அடுத்தது விசுவாசப் புள்ளிகள். சில கிளப்புகள், கடந்த சீசன்களில் எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள் என்பதை வைத்து முன்னுரிமை தருகின்றன. மழையிலும் தோல்வியிலும் வந்து நின்றவருக்கு முதலிடம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட் கிடைத்தவருக்குப் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தவருக்கு மறுபடி டிக்கெட் கிடைக்கும். புதிதாக வரும் இருபது வயது ரசிகர் இந்தச் சக்கரத்துக்குள் எந்த வழியாக நுழைவார்? ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கைப் புள்ளிக்கும் இன்னொரு பங்கைக் குலுக்கலுக்கும் ஒதுக்கினால் இரண்டு தலைமுறைக்கும் இடம் இருக்கும். வெறும் புள்ளி மட்டும் என்றால் கூட்டம் வயதாகிக்கொண்டே போகும். வெறும் குலுக்கல் என்றால் பழைய ரசிகர் கோபத்தில் விலகிவிடுவார், அந்தக் கோபமும் நியாயமே.

[திரையில்: மான்செஸ்டர், நவம்பர் 2024.]

கட்டணம் வாங்கிய பிறகு விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் ஓர் உதாரணம். 2024 நவம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, உறுப்பினர்களுக்கு மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டாக நிர்ணயித்தார்கள். சிறுவர், முதியவர் சலுகையும் போயிற்று. இந்த மாற்றம் வருவதற்கு முன்பே அந்த ரசிகர்கள் சீசனுக்கான சந்தாவைக் கட்டி முடித்திருந்தார்கள். போராட்டம் வெடித்ததில் ஆச்சரியம் இல்லை. விலை உயர்வைவிட இது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பேசி முடித்த ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தை ஒரு தரப்பு மட்டும் திருத்தி எழுதலாமா?

இனி ஜெர்மனி. அங்கே உறுப்பினர் என்றால் வாக்காளர். 50+1 என்ற விதிப்படி, தொழில்முறை அணியை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பான்மை வாக்குரிமை, உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. பயர்ன் மியூனிக்கின் மைதானத்தில் ஏறத்தாழ 75,000 பேர் உட்காரலாம், உறுப்பினர்களோ பல லட்சம் பேர். டிக்கெட் பற்றாக்குறை அங்கேயும் உண்டு. ஆனால் டிக்கெட் கிடைக்காத உறுப்பினரும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். அட்டைக்கு மைதானத்துக்கு வெளியேயும் ஒரு மதிப்பு இருக்கிறது.

இதையும் வளைக்க முடியும் என்று, ரெட் புல் பான நிறுவனம் 2009-இல் தொடங்கிய ஜெர்மன் கிளப்பான ஆர்பி லைப்சிக் காட்டியது. விதி, உறுப்பினர்கள் வேண்டும் என்றுதான் சொல்கிறது, எத்தனை பேர் என்று சொல்லவில்லை. மற்ற பெரிய கிளப்புகளில் ஆண்டுச் சந்தா அறுபது யூரோ அளவில் இருந்தபோது, இங்கே 800 யூரோ. விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பம். பல ஆண்டுகளாக வாக்குரிமை பெற்றவர்கள் இருபது பேர் அளவில்தான். ஜெர்மன் ரசிகர்கள் அந்தக் கிளப்மீது இன்றும் கசப்போடு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்பெயினில் ரியல் மாட்ரிட் இன்னமும் உறுப்பினர்களுக்கே சொந்தம். ஆனால் தலைவர் பதவிக்குப் போட்டியிட 20 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், கிளப்பின் வரவுசெலவுத் திட்டத்தில் 15 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். 2013, 2017, 2021, 2025 என நான்கு முறையும் புளோரென்டினோ பெரெஸ் போட்டியின்றியே தலைவரானார். வாக்குச்சீட்டு கையில் இருந்தும் முத்திரை குத்த இரண்டாவது பெயர் இல்லை.

[திரையில்: அமெரிக்கா, விஸ்கான்சின், கிரீன் பே.]

கால்பந்தை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருவோம். 'அமெரிக்கக் கால்பந்து' என்ற வேறொரு விளையாட்டின் அணியான கிரீன் பே பேக்கர்ஸ், அவ்வப்போது ரசிகர்களுக்குப் பங்கு விற்பதுண்டு. 2021-இல் ஒரு பங்கின் விலை 300 டாலர். ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்க முடியாது, டிக்கெட்டில் முன்னுரிமையும் கிடையாது. இயக்குநர் குழுத் தேர்தலில் ஒரு வாக்கு, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். வணிகக் கண்ணில் படுமோசமான பேரம், வாங்கியவர்களோ பூரிப்போடு மாட்டி வைக்கிறார்கள். எதுவும் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குகிறார்கள். ஏமாந்தேன் என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

எனவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சென்ற சீசனில் எத்தனை உறுப்பினர்கள், அவர்களுக்கு எத்தனை டிக்கெட்டுகள், ஒன்றுகூடக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைப் பணம் கட்டும் பக்கத்திலேயே போடட்டும். முதல் டிக்கெட்டின் விலையில் சந்தாவைக் கழித்துக்கொள்ளட்டும். ஆண்டு முழுவதும் குலுக்கலில் தோற்றவருக்கு அடுத்த ஆண்டு சந்தா வேண்டாம். சீசன் நடுவே விதி மாறக் கூடாது.

கிளப்புகள் இதற்கெல்லாம் இறங்கி வருமா என்று கேட்டால், 2016 பிப்ரவரியை நினைவூட்டுவேன். மைதானத்தின் புதிய பகுதியில் சில டிக்கெட்டுகளுக்கு 77 பவுண்டு என்று லிவர்பூல் அறிவித்தது. சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில் சரியாக 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலை, ஆட்டம் முடிந்தபோது 2-2. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு, வெளியூர் ஆட்டங்களுக்கு வரும் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைக்க எல்லாப் பிரீமியர் லீக் கிளப்புகளும் ஒப்புக்கொண்டன. உறுப்பினர் சந்தாவுக்கு அப்படி ஒரு பொது வரம்பைக் கேட்கும் போராட்டம் மட்டும் அதே வேகத்தில் எழவில்லை. தனித்தனியாக வீட்டிலிருந்து பணம் கட்டுகிறவர்கள் எந்த நிமிடத்தில் எழுந்து வெளியேறுவது?