எழுபது வளைவுக்கு அப்புறம்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இங்கே பாதிப் பேருக்கு மேல் தூக்குவீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன் என்று வரிசையாக வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதம், இல்லையென்றால் மேலே கடையில் பரோட்டா. நான் இன்று பேச வந்தது அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறி முடித்தால், 1,000 மீட்டருக்கு மேலே ஒரு தனி உலகம் விரிகிறது. அங்கே 14 நாடுகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு... பழைய கதை என்று நினைக்காதீர்கள், இன்றைக்கும் ஊராட்சிகளுக்கு அதே பெயர்தான். பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள், அதனால் மலையாளி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு.

பள்ளத்து வயலில் நெல். சரிவில் சாமை, தினை, கேழ்வரகு. இதுதான் அந்த மலையின் பழைய கணக்கு. சாமையிலேயே வெள்ளப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று எத்தனை வகை!

இருபது வருஷத்துக்கு முன்னால் மலைமேல் சோளக்காடு என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் மதியம் மாட்டிக்கொண்டேன். நல்ல மழை. "சாப்பிட்டுப் போங்க சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. சொல்லிவிட்டு, பையனை அழைத்து மெதுவாக ஏதோ சொன்னார். பையன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடினான். எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டுல சாமைதானுங்க இருக்குது. உங்களுக்கு எப்படிங்க சாமை போடறது? அரிசி வாங்கியாரச் சொன்னேன்." பையனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி, சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டேன். அந்த ருசியை விட, விருந்தாளிக்குப் போடக்கூடாத சோறு என்று அவர் கூச்சப்பட்டதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது கீழே இருக்கிற நாம்.

சாமை ஏன் குறைந்தது? ருசி மாறியதால் என்று பலர் நினைக்கிறார்கள். உலக்கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சாமைக்கு உமி இறுக்கம். உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும். காட்டு வேலை முடித்து வந்த கைதான் இதையும் செய்யணும். ரேஷன் கடையில் அரிசி வந்தது. 2011-லிருந்து அது இலவசம். எந்த அம்மா உலக்கையைத் தொடுவாள்? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

சரிவில் சாமை இருந்த இடத்துக்கு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்தது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு லாரி ஏறினால் கையில் காசு. ஆனால் விலை மலையில் முடிவாவதில்லை, கீழே முடிவாகிறது. இன்னொன்று, கிழங்கை மண்ணைக் கிளறித்தான் எடுக்கணும். சரிவில் கிளறிய மண் அடுத்த மழைக்கு ஓடையில் போய்விடும். சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக் கொடிதான் பல குடும்பங்களுக்குக் கொஞ்சம் தெம்பு. வாசலில் தார்ப்பாயில் காயும் மிளகைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த வீட்டுப் பிள்ளையின் காலேஜ் பீஸ்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து அங்கே வேலை செய்தது. விதை வங்கி வைத்தார்கள், உமி நீக்கும் மெஷின் கொண்டுவந்தார்கள், பெண்கள் குழுக்கள் சாமை அரிசியைப் பாக்கெட் போட்டு விற்க வழி செய்தார்கள். என்னைக் கேட்டால், அந்த மெஷின் ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமம்.

இனி சுற்றுலா. சனி, ஞாயிறு என்றால் பைக்குகள் வளைவில் சாய்ந்து சாய்ந்து ஏறுகின்றன. ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, குளித்து, மூச்சு வாங்க ஏறுகிறோம். நல்ல விஷயம், உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. மலைக்காரர்களுக்கு என்ன மிஞ்சுகிறது? அன்னாசித் துண்டு, பலாச்சுளை, முடவாட்டுக்கால் சூப். அந்த முடவாட்டுக்கால் கிழங்கு மாதிரி இருக்கும், பாறையிலும் மரத்திலும் தானாக வளர்வது. வருகிற கூட்டத்துக்கெல்லாம் அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது என் கவலை. சாமை அப்படி இல்லையே. கேட்கக் கேட்க விதைப்பார்கள்.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடுகிறார்: அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தது. இந்த வில்வித்தையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அப்புறம் நடந்ததைச் சொல்வதில்லை. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு, தான் வேட்டையாடிய மானின் கறியையும் நெய்போன்ற தேறலையும் (மது), தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் ஓரி கொடுக்கிறான். வந்தவர்கள் அந்த மலை தந்ததைச் சாப்பிட்டார்கள்.

ஆடி 17, 18-ல் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா வருகிறது. வில்வித்தைப் போட்டி நடக்கும், போங்கள். தெரிந்த வீடோ குழுவோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்களுக்குச் சாமைச் சோறு வேணும், நாலு பேர், இன்ன விலை தருகிறோம் என்று. காலையில் போய்க் கேட்டால் பையனை அரிசிக்குத்தான் அனுப்புவார்கள்.