டப்பாவுக்கா 310 ரூபாய்?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு சாலிடரிங் கிடையாது, முழுக்க டப்பா புராணம்தான்.

போன வீடியோவில் காட்டினேனே மோட்டார் டைமர், அதில் 20 கேட்டிருக்கிறார்கள். போர்டு, ரிலே எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் அடக்கிவிட்டேன். அப்புறம் டப்பா விலையைப் பார்த்தேன். ஆன்லைனில் ஐபி65 பாக்ஸ், அதாவது தூசியும் பீய்ச்சுகிற தண்ணீரும் உள்ளே போகாத டப்பா, உள்ளங்கை அளவு, ஒன்று 310 ரூபாய்! கூரியர் தனி. ஆளுக்கு 400, சட்டைக்கு 310 என்றால் எப்படி? சொந்தமாக அச்சு செய்து வார்க்கலாம் என்றால் அச்சுக்கே லட்சக்கணக்கில் கேட்பார்கள், 20 டப்பாவுக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா.

3டி பிரிண்ட் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முக்கூடலில் சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டிய டப்பா சித்திரை வெயிலில் அப்பளமாக வளைந்ததைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். 3டி பிரிண்டருக்குப் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும், அங்கே மேலே தகரக்கூரை வேறு.

சரி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. ஒயரிங்குக்குப் போடுகிற நாலுக்கு நாலு இன்ச் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், 45 ரூபாய். "அண்ணாச்சி, 20 எடுக்கிறேன், பார்த்துப் போடுங்க" என்றேன். 42 என்றார். கால் மணி நேரம் நின்றேன், ஒரு டீயும் அவர் கணக்கில் ஆச்சு, 40க்கு இறங்கினார். ஒன்றுக்கு 270 மிச்சம், 20க்கு 5,400 ரூபாய்! மழை நேராக அடிக்கிற இடத்துக்கு இது ஆகாது, ரூமுக்குள் என்றால் தாராளமாகப் போதும்.

கீபேட் கதை சொல்லவில்லையே. முதலில் அந்த ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற, மெல்லிசான 4x4 மெம்பரேன் கீபேடைத்தான் வாங்கினேன், 16 பட்டன், 8 ஒயர். டப்பாவுக்குள் இடம் பற்றாமல் அதன் பட்டை ஒயரை மடித்து அமுக்கினேன். மறுநாள் 2, 5, 8, 0 நாலும் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போச்சு. நாலும் ஒரே பத்தி பாருங்கள், மடிப்பில் உள்ளே ஓடுகிற வெள்ளி மை ஒரு கோட்டில் விரிசல் விட்டிருக்கிறது. எனக்கு அந்தக் கீபேடைக் கண்டாலே ஆகாது, இனி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

யோசித்தால் எனக்குத் தேவை நாலே பட்டன். ஆன், ஆஃப், கூட்டு, குறை. நீளத்தண்டு டேக்ட் சுவிட்ச், அதாவது அமுக்கினால் டக்கென்கிற குட்டி பட்டன், நாலு போட்டேன். டைமரின் மூளையான ஆர்டுயினோ போர்டிலேயே புல்-அப் (பட்டனை அமுக்காதபோது சிக்னலை நிலையாகப் பிடித்து வைக்கிற ரெசிஸ்டர்) இருக்கிறதால் தனி ரெசிஸ்டர்கூட வேண்டாம். மேலே ஸ்டிக்கர், ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் மேட் லேமினேஷனோடு அடித்தேன். பளபளப்பு வேண்டாம், டார்ச் அடித்தால் எழுத்து தெரியாது.

ஆ, ஒன்று விட்டுப்போச்சு. முதல் மூடியில் பென்சிலால் குத்துமதிப்பாகக் குறித்து ஓட்டை போட்டேன், ஒரு மில்லிமீட்டர் விலகி "கூட்டு" பட்டன் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் டைமர் 999 நிமிஷத்தில் நிற்கிறது! இப்போது அளவுத்தாளைப் பிரிண்ட் எடுத்து மூடியில் ஒட்டி அதன்மேல்தான் டிரில். ஒயர் நுழைய அடியில் பிஜி7 கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கிற திருகு மூடி), பனிரெண்டரை மில்லி ஓட்டை, படிப்படியாக அகலமாகிற ஸ்டெப் பிட் வைத்தால் விரிசல் விடாது.

ஓட்டை போட்டுக் கெடுத்ததற்குப் பதிலாக நேற்று இன்னும் அஞ்சு டப்பா வாங்கப் போனேன். அண்ணாச்சி நிமிர்ந்தே பார்க்கவில்லை: "அஞ்சுதானே? 45."