எமில் சாட்டோபெக்கும் எங்கள் ஊர் மைதானமும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்கும் தேநீரும் தன் செலவில் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, சால்வைக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில் மடித்தே வைத்துக்கொள்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வெயிலில் நிற்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம்.

நெடுந்தூர ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவர் பயிற்சி செய்த விதம், மற்ற ஓட்டக்காரர்களுக்கு அவர் என்னவாக இருந்தார், 1968-க்குப் பிறகு அவர் பட்ட பாடு.

செக்கோஸ்லோவாகியாவில் ஸ்லின் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். 1941-ல் கட்டாயப்படுத்தி ஒரு பந்தயத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தார். அப்புறம் அவரை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 400 மீட்டர் வேகம், கொஞ்சம் மெல்லோட்டம், மறுபடி 400. ராணுவ பூட்ஸோடும் ஓடினார், பனியிலும் ஓடினார். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' இதைச் சொல்லாமல் நான் மேடை இறங்குவதில்லை என்று தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள், சரி. அம்மி நகர்ந்ததா இல்லையா? 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, அதுவரை ஓடியே பார்த்திராத மாரத்தான், மூன்றிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் அந்த மூன்றையும் இன்றுவரை வேறு எவரும் வென்றதில்லை.

அடுத்து ரான் கிளார்க். உலக சாதனைகளை வரிசையாக உடைத்த ஆஸ்திரேலியர். ஆனால் 1964 டோக்கியோவில் கிடைத்தது வெண்கலம்தான். 1966-ல் சாட்டோபெக் நாட்டுத் தலைநகரான பிராக் நகருக்கு ஓட வந்தார். திரும்பும் நாளில் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார் சாட்டோபெக். கைகுலுக்கும்போது சின்னப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். அன்றைக்கு அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. கிளார்க்குக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. யாருக்கோ ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறாரோ, சுங்கத்தில் பிடித்தால் என்ன சொல்வது? பிறகு தனியாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஹெல்சிங்கி 10,000 மீட்டர் தங்கப் பதக்கம்! கைதட்டுங்கள் ஐயா, இதற்குக்கூடத் தட்டாவிட்டால் எப்படி? 1968 மெக்சிகோவிலும் கிளார்க்குக்குத் தங்கம் வாய்க்கவில்லை, மயங்கி விழுந்தார். அவரிடம் இருந்த ஒரே ஒலிம்பிக் தங்கம் சாட்டோபெக் கொடுத்ததுதான்.

தலைவர் மணி பார்க்கிறார். மூன்றாவது செய்தி இன்னொரு மேடைக்கு இருக்கட்டும்.

தங்கத்தைத் தூக்கிக் கொடுத்தார் அந்த மனிதர். நாம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பீரியடைக் கொடுக்க மாட்டேன் என்கிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் அது கணக்குக்குப் போகிறது. மிச்சமிருக்கும் மைதானத்தில் கல்யாண மண்டபத்துக் கார்கள். இந்தப் பந்தல் காலைக்கூட ஓடுபாதையில்தான் நட்டிருக்கிறார்கள், வணிகர் சங்கத் தலைவர் மன்னிக்க வேண்டும். எத்தனை மனு கொடுத்தாயிற்று! கொடுத்துக்கொண்டே இருப்போம், அடி மேல் அடி. சுற்றுச்சுவர், இரண்டு விளக்கு, வாரம் இரண்டு பீரியட், இவ்வளவுதான் கேட்கிறோம். மனு அந்த மேசையில் இருக்கிறது. கல்வி அலுவலர் ஐயா கார் ஏறுவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், பேனா நான் தருகிறேன்.